கருப்பையின் காவல்

பிள்ளைப் பேற்றைப் பற்றிப் பேசும்போது நாம் நஞ்சுக்கொடியைச் சொல்லுவோம். அதற்கு இடங்கொடுக்கும் கருப்பையின் உள்ளுறையை மறந்துவிடுவோம். மருத்துவ உலகமும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது.

தாயின் இரத்தமே நேராகப் பிள்ளையின் உடலில் ஓடுகிறது என்று முற்காலத்தில் பலர் நம்பினர். லண்டனில் வில்லியம் ஹன்டர், ஜான் ஹன்டர் என்னும் அண்ணன் தம்பியர் இரத்தக் குழாய்களில் சாய மெழுகைச் செலுத்திப் பார்த்து, இரண்டு ஓட்டமும் வெவ்வேறு என்று காட்டினர். கர்ப்பத்தில் தடித்து, பிரசவத்தோடு கழன்றுவிடும் உள்ளுறைக்கு 'உதிர்வது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரை வைத்தவர் வில்லியம். 1774இல் வெளியான அவருடைய பெரிய படநூலில் அதைக் காணலாம். 1780இல் தம்பி, "கண்டுபிடித்தவன் நான்" என்று உரிமை கோர, உறவே முறிந்தது. மேதைகள் வீட்டிலும் பங்காளிச் சண்டை!

உதிர்ந்துபோகும் உறைக்கு என்ன பெரிய வேலை இருக்கப்போகிறது என்று தோன்றலாம். 1887இல் பெர்ன் நகரில் ரைசா நிட்டாபுக் என்ற பெண்மணி தம் ஆய்வேட்டில், நஞ்சுக்கொடியின் உயிரணுக்களும் தாயின் உறையும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய படலம் ஒன்று இருப்பதை விவரித்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது.

அந்த எல்லை இல்லாவிட்டால் என்னவாகும்? பிரசவத்துக்குப் பின் நஞ்சு கழலாமல், இரத்தப் பெருக்கால் தாயின் உயிரையே வாங்கும் நிலையை 1937இல் பாஸ்டன் நகரில் இர்விங், ஹெர்டிக் இருவரும் ஆராய்ந்தனர். அவ்விடங்களில் உள்ளுறை இல்லை. நஞ்சுக்கொடி நேரே தசையில் ஒட்டியிருந்தது. பின்னர், 1960இல் இங்கிலாந்தில் டேவிட் கர்பி எலியின் கருவை எடுத்துச் சிறுநீரகத்தின் உறைக்கடியில் வைத்தார். அங்கே நஞ்சுக்கொடி அணுக்கள் சதையைத் துளைத்துக்கொண்டு பரவின. ஆக, துளைப்பது அவற்றின் பிறவிக் குணம். அதற்கு அளவு வைப்பது கருப்பையின் உறை.

பால்மரம் வெட்டும் குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும். உளி மேலோட்டமாகப் போனால் பால் வராது; ஆழமாகப் போனால் மரம் காயப்படும். உள்ளுறையின் அணுக்கள், சதையைக் கரைக்கும் நொதிகளை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. ஆனால் வழியை முற்றாக அடைத்துவிடுவதில்லை. தாயின் சுருள் தமனிகள் அகன்றால்தானே பிள்ளைக்குப் போதிய இரத்தம் வந்து சேரும்! புரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் மூவரும் 1967இல் இந்த மாற்றத்தை விளக்கி எழுதினர். உறையில் வந்து கூடும் ஒருவகை வெள்ளையணுக்களும் இதற்குத் துணை நிற்கின்றன. மாற்றம் குறைவாக இருந்தால் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம். பிள்ளையின் வளர்ச்சி குன்றலாம்.

முன்பு அறுவை செய்து பிள்ளை பெற்ற தழும்பின்மேல் உள்ளுறை சரியாக வளர்வதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அங்கேயே அமைந்தால், தசைக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. இப்போது ஸ்கேன் கருவியால் பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்து, இரத்தம் தயாராக வைத்து, பெரிய மருத்துவமனையில் பிரசவம் பார்க்க முடிகிறது. "முன்னே ஆப்பரேஷன் உண்டா?" என்று கிளினிக்கில் தாதி கேட்பது இதற்காகவும்தான்.