மறுவினை நேரம் (இயக்கக் கட்டுப்பாடு)

உணரியில் மாற்றம் நிகழும் கணத்துக்கும், அதற்கேற்ப மோட்டாரோ வால்வோ செயல்படத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரம். இது மூன்று தாமதங்களின் கூட்டு.

உள்ளீடு: மின் இரைச்சலை நீக்கும் வடிகட்டி பொதுவாகச் சில மில்லிவினாடிகள் எடுத்துக்கொள்ளும்.

நிரல்: கட்டுப்படுத்தி தன் நிரலை ஒரு சுற்று ஓடி முடிக்கும் நேரம்.

வெளியீடு: ரிலே எனில் சுமார் 10 மில்லிவினாடி, டிரான்சிஸ்டர் எனில் பெரும்பாலும் 1 மில்லிவினாடிக்கும் குறைவு. வினாடிக்கு 1 மீட்டர் ஓடும் பட்டையில் 10 மில்லிவினாடித் தாமதம் 10 மில்லிமீட்டர் பிழையாகிவிடும்.

இடைமறிப்பு: அவசரக் குறிகை வந்ததும் ஓடும் நிரலை நிறுத்திவிட்டு, அதற்கென எழுதிய சிறுநிரலை உடனே இயக்கும் முறை. சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளீட்டு, வெளியீட்டுத் தாமதங்கள் அப்படியே இருக்கும். நிலையான தாமதத்தை முன்கூட்டிக் கணக்கிட்டு ஈடுசெய்யலாம்; முறைக்கு முறை மாறும் தாமதமே பெருந்தொல்லை.

எடுத்துக்காட்டு: தேவிகுளம் வட்டத்திலுள்ள பள்ளிவாசல், 1940இல் இயங்கத் தொடங்கிய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். இத்தகைய மலை நிலையங்களில் நீர்த்தாரையால் சுழலும் பெல்ட்டன் சக்கரம், மின்சுமை திடீரென அறுந்தால் வேகமெடுக்கும். அப்போது திருப்புத்தகடு நீர்த்தாரையை நொடியில் விலக்கும். தாரையின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வோ மெல்ல மூடும். அது விரைந்து மூடினால் குழாயில் அழுத்தம் எகிறும். ஒவ்வோர் உறுப்பும் உரிய வேகத்தில் வினையாற்றுவதே நல்ல கட்டுப்பாடு.