பூட்டிய பள்ளியும் ஒற்றை அறை வீடும்

2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகளிடமிருந்து கொரோனா எவ்வளவு பரவும் என்று யாருக்கும் தெரியாது. கையில் இருந்தது இன்ஃபுளுயன்சா காய்ச்சல் தந்த பாடம்தான். அந்தக் காய்ச்சலை வீடுவீடாகக் கொண்டுசேர்ப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஜப்பான் இதை நம்பித்தான் 1962 முதல் மாணவர்களுக்கு அதன் தடுப்பூசியைப் போட்டது. பேரனுக்கு ஊசி போட்டால் பாட்டி பிழைப்பாள் என்ற கணக்கு. 1994இல் அந்தத் திட்டம் நின்றது. அதன்பின் காய்ச்சல் சாவுகள் கூடியதைப் பார்த்து, கணக்கு சரியாகவே இருந்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆகவே மூடியதை நான் குறை சொல்லவில்லை. அந்த மார்ச்சில் நானும் மூடத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் செப்டம்பர் முடிவதற்குள் நம் மண்ணிலிருந்தே விடை வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளோடு பழகிய 5,75,071 பேரின் சோதனை முடிவுகளை ரமணன் லட்சுமிநாராயணன் குழு ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. ஒரே வயதினருக்கு இடையில்தான் தொற்று அதிகம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் அது தெளிவாகவே தெரிந்தது. பிள்ளைகள் பரப்பவே மாட்டார்கள் என்ற பேச்சு அத்தோடு அடிபட்டது. சரி, இந்தப் பிள்ளைகள் எங்கே தொற்றிக்கொண்டார்கள்? அந்தத் தரவு ஏறக்குறைய முழுவதும் பள்ளிகள் பூட்டிக் கிடந்த மாதங்களுடையது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் காலனி வீட்டையும், தெருவுக்கு ஒன்றாக இருக்கும் குழாயடியையும் எந்த அரசாணையாலும் பூட்ட முடியாது.

சுவீடன் அந்த வசந்தத்தில் 16 வயதுக்கு உட்பட்டோர் பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தது. சுமார் 19.5 லட்சம் பிள்ளைகளில் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 15 பேர், யாரும் சாகவில்லை. அவர்கள் வீடும் வகுப்பறையும் வேறு, அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் யோசித்துப் பார்க்கவாவது செய்திருக்கலாமே! இங்கே சென்னை நீங்கலாக டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்துவிட்டது. ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 வரை கதவு திறக்கவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களின் வசதியற்ற குடியிருப்புகளில் ஓர் ஆய்வு நடந்தது. கிராமங்களில் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். மற்றவர்களில் 15 பேர். ஜார்கண்டின் லாத்தேஹார் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஆதிக்க சாதியினர் சிலர் ஆய்வுக்குப் போனவர்களிடம் ஒளிக்காமலே கேட்டார்கள்: இதுகள் படித்துவிட்டால் எங்கள் வயலில் யார் வேலை செய்வது என்று.