பத்து நிமிடத்தில் கிளம்பிய விமானம்

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2025 மே 28 முதல் பெட்டிகளுக்குக் கட்டணம் வாங்குகிறது; 2026 ஜனவரி 27 முதல் இருக்கையையும் ஒதுக்கித் தருகிறது. இனி அதில் இனிய பயணம் கிடையாது என்று பலர் வருந்துகிறார்கள். அதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1971இல் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களை இணைத்துப் பறக்கத் தொடங்கிய நிறுவனம், அடுத்த ஆண்டே பணமுடையில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. ஆனால் நேர அட்டவணையைக் குறைக்கவில்லை. மிஞ்சிய மூன்றை வைத்து அதைச் சமாளிக்க, இறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். யார் வேலை என்று பாராமல் ஊழியர்கள் கைகொடுத்தார்கள். பயணிகள் வந்த வரிசைப்படி எண்ணிட்ட பிளாஸ்டிக் அட்டையை வாங்கி, ஏறும்போது திருப்பிக் கொடுத்தார்கள். அதே அட்டை அடுத்த விமானத்துக்கும் உதவியது. மலிவும் கலகலப்பும் அந்தக் கூட்டுழைப்பில் பிறந்தவை.

இருக்கை ஒதுக்காமல், பிடித்த இடத்தில் உட்காரவிட்ட முறைதானே அந்த வேகத்தைத் தந்தது என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் ஐரோப்பாவின் ரயன்ஏர் 2014 முதல் எல்லோருக்கும் இருக்கை ஒதுக்கியும் 25 நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்பப் பழகியிருக்கிறது. சவுத்வெஸ்டில் இலவசப் பெட்டி போனது, குடும்பத்தோடு பறப்பவர்களுக்கு நிஜமான இழப்பு, அதை மறுப்பதற்கில்லை. இருந்தும் நேரத்துக்குக் கிளம்புவதும், சிரித்த முகத்தோடு வரவேற்பதும் எந்தக் கட்டணப் பட்டியலிலும் இருந்ததில்லை. அவற்றை இன்றும் தருபவர்கள் ஊழியர்களே.