வனப்பு காட்டில் பிறக்கவில்லை

வனம் பசுமையானது, பசுமை கண்ணுக்கு இனியது, ஆகவே வனத்திலிருந்து வனப்பு வந்தது. பட்டிமன்ற மேடையில் பிறந்த இந்த வாய்பாடு இப்போது கலை, வடிவமைப்பு பற்றிப் பேசும் கருத்தரங்குகளிலும் கைதட்டல் வாங்குகிறது. புதுச்சேரியில் எங்கள் பிள்ளைச்சாவடிப் பக்கம் வந்து பேசிய அறிஞர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். உரோமரின் காதல் தெய்வமான வீனஸே நம் வனப்புத்தான் என்றார். காடும் கைப்பற்றப்பட்டது, உரோமாபுரியும் கைப்பற்றப்பட்டது. இனிப் பேசாமல் இருக்க முடியாது.

காட்டை முதலில் முடித்துவிடுவோம். அகப்பாட்டுகளில் தலைவியை வருணிக்கும்போது 'வனமுலை' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் புலவர்கள் காட்டையா நினைத்தார்கள்? அவர்களுக்குக் காட்டைச் சொல்லக் காடு, கான், கானம், கடறு என்று சொற்கள் கொட்டிக் கிடந்தன. வனமுலையில் உள்ள 'வன' அழகு குறித்த தனிச்சொல். அதற்கு மரமும் இல்லை, இலையும் இல்லை.

வீனஸ் கதையும் அப்படியே. அப்பெயருக்கும் விருப்பம், இனிமை குறித்த 'வனஸ்' என்ற வடசொல்லுக்கும் உறவு உண்டு. இந்தோ-ஐரோப்பிய மொழியியலார் காட்டியது அது. அதை வைத்துக்கொண்டு வனப்பை வடமொழிக்குத் தள்ளுவோரும் உண்டு, வடமொழியையே தமிழுக்கு இழுப்போரும் உண்டு. இருவரும் சொல்லின் வாலைப் பார்ப்பதில்லை. சிற - சிறப்பு, பிற - பிறப்பு, இற - இறப்பு. இந்த வரிசையில் '-ப்பு' வினையடியின்மேல் ஏறுகிறது. கடன் வாங்கிய பெயரின்மேல் அது ஏறிய பழஞ்சொல் ஒன்றைக் காட்டிவிட்டு மேலே பேசட்டும். வனப்புக்குள் இருப்பது 'வன' என்னும் வினை என்பேன்.

அந்த வினை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, குயவர் தெருவில் இருக்கிறது. மற - மறை, அல - அலை என்று அகரத்தில் முடியும் சில வினைகளுக்கு ஐகாரத்தில் முடியும் துணை ஒன்று தமிழில் உண்டு. மறத்தலும் மறைத்தலும் போல, அலத்தலும் அலைத்தலும் போல, வனத்தலும் வனைதலும். வனைதல் என்றால் மண்ணுக்கு உருக் கொடுத்தல். அகராதிகள் அலங்கரித்தல், ஓவியம் எழுதுதல் என்னும் பொருள்களையும் அதன்கீழ் வைத்திருக்கின்றன.

சான்று வேண்டுவோர் புறநானூற்றைத் திறக்கலாம். 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்துபோன கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யும் குயவனைப் பார்த்துக் கேட்கிறார்: நிலத்தையே சக்கரமாக்கி, மலையையே மண்ணாக்கி உன்னால் வனைய முடியுமா என்று. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். இரண்டு இடத்திலும் வினை 'வனை'தான். அந்தத் தாழி மரபு எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. பிரெஞ்சுத் தொல்லியலார் கசால் அரிக்கமேட்டோடு நிற்காமல் முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஈமக்காடுகளையும் தோண்டி 1956இல் நூலாக வெளியிட்டார்.

வனைதலைக் கண்ணால் பார்க்க வில்லியனூர் போதும்; அங்குள்ள சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பானை சக்கரத்தில் முடிந்துவிடுவதாக நினைப்பவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள். சக்கரத்தில் எழுவது கழுத்தும் தடித்த சுவரும்தான். நூலால் அறுத்து எடுத்து, பாதி காய்ந்த பிறகு, உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல், வெளியே மறு கையில் மரத்தட்டு. தட்டித் தட்டித்தான் வயிறு திரள்கிறது, அடி மூடுகிறது. தட்டின் ஓசை மாறுவதை வைத்தே சுவர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று கண்டுகொள்கிறார்கள். கழுத்து தனி, தோள் தனி, வயிறு தனி என்று இருந்தது ஒன்றாகத் திரளும்போதுதான் பார்ப்பவர் வாயில் 'அடடா' வருகிறது.

இனித் தொல்காப்பியம். செய்யுளியல் சொல்லும் உறுப்புகள் 34. அவற்றில் கடைசி எட்டையும் வனப்பு என்கிறோம்: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. பேராசிரியர் உரையில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. பல உறுப்பும் திரண்ட இடத்தில் பெறும் அழகே வனப்பு என்பது அவர் கருத்து. அவர் குயவர் தெரு வழியாக நடந்தாரா என்பது தெரியாது. ஆனால் 'திரளுதல்' என்பதைத்தான் பிடித்தார். பச்சைக் காடு அந்த உரையில் எங்கும் இல்லை.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அழகு இங்கே எட்டில் ஒன்று. வனப்பு தாய், அழகு பிள்ளை. அந்த அழகுக்கு இலக்கணம் சொல்லும்போதும் தொல்காப்பியர் சீரைப் 'புனைதல்' என்ற வினையைத்தான் ஆள்கிறார். புனையும் வனையும் உடன்பிறப்புகள். பகு - வகு என்பதில் பகரமும் வகரமும் மாறி நிற்பதையும், முடங்கு - மடங்கு, துளிர் - தளிர் என்பவற்றில் உகரமும் அகரமும் மாறி நிற்பதையும் பார்த்தவர் இதற்குத் தயங்க மாட்டார். குறள் 407இல் நுண்ணறிவு இல்லாதவன் எழிலுக்கு உவமை என்ன? மண்ணால் புனைந்த பாவை. மண்ணுக்கும் புனை பொருந்துகிறது, பாட்டுக்கும் பொருந்துகிறது. நெடுநல்வாடையில் அணி களைந்து கிடக்கும் அரசியைப் புனையாத ஓவியம் என்கிறார் நக்கீரர். அங்கே அது வண்ணத்துக்கும் பொருந்துகிறது. மாலை புனைவார், வேடம் புனைவார், கதை புனைவார். எங்கள் ஊர் கனகசுப்புரத்தினமோ பாரதிதாசன் என்று பெயரே புனைந்துகொண்டார். மண், பாட்டு, ஓவியம், ஒப்பனை, கதை எல்லாவற்றுக்கும் செல்லும் ஒரே வினை நம்மிடம் இருக்கிறது. கலைகளையும் வடிவமைப்பையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் படிக்க வேண்டும் என்று இன்றைய பாடத்திட்டங்கள் சொல்வதை இந்த வினை எப்போதோ சொல்லிவிட்டது.

ஆனால் அந்தப் படிப்புக்குப் பெயர் வைப்பதில்தான் நாம் படுகிற பாடு! சென்னையில் 'கவின் கலை' என்றார்கள். சங்கப் பாட்டில் 'தொல்கவின்' பெரும்பாலும் தலைவன் பிரிவால் தொலைந்துபோகும் பொருள். தொலைவதற்கென்றே வந்த சொல்லைக் கல்லூரி வாசலில் எழுதிவைத்தோம். ஈழத்தில் பள்ளிக்கூடத்திலேயே சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் எல்லாம் 'அழகியல்' பாடம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்கிறது. எங்கள் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். பெயரில் கோட்பாட்டு வாடையே இல்லை, இருப்பதில் அதுவே எனக்குப் பிடித்தது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்கு, 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைச் சூட்டித் தப்பித்துக்கொண்டது.

'முருகியல்' என்பாரும் உண்டு. திரு.வி.க. 1925இல் 'முருகன் அல்லது அழகு' எழுதியதிலிருந்து அந்த ஆசை தொடர்கிறது. பெரியவர் மனம் பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் சங்கப் பாட்டில் முருகு பெரும்பாலும் வெறியாட்டுக்குரிய தெய்வம், அணங்கி வருத்துவது. மு என்றால் முகுந்தன், ரு என்றால் ருத்திரன், க என்றால் கமலத்தோன் என்று 'முருக' என்னும் மூன்று எழுத்தையும் மூவருக்குப் பங்கு போடுவோருக்குப் பதில் சொல்ல இங்கே இடமில்லை.

அழகியல் என்ற சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. பாம்கார்டன் என்ற செருமானியர் 1735இல் தம் துறைக்குப் பெயர் தேடியபோது, புலனால் உணர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். அழகு அந்தப் பெயரில் இல்லை. தொல்காப்பியர் எட்டில் 'புலன்' இருக்கிறதே என்று உடனே துள்ள வேண்டாம். அங்கே புலன் என்பது சேரி வழக்கில், ஆராய வேண்டாமல் விளங்கும்படி யாக்கும் செய்யுள். ஆயினும் விருந்தை விடக்கூடாது. புதிதாகச் செய்யும் யாப்புக்கு அவர் தந்த பெயர் விருந்து. சமகாலக் கலை என்று இன்று தொண்டை வறளப் பேசுகிறவர்கள், புதுமைக்கும் வனப்பில் ஓர் இருக்கை ஒதுக்கிய இலக்கணத்தை ஏன் படிப்பதில்லை?

புதியதற்கு இங்கேயே சான்று உண்டு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச் சாலையைத் தொடங்கினார்கள். கோப்பையும் தட்டும் செய்துகொண்டிருந்த மீக்கர், பின்னர் பச்சை மண் கல்லால் வீட்டையே கட்டி, அதன் உள்ளே பாண்டங்களை அடுக்கி, வீட்டையே சூளையாக மூட்டிச் சுட்டார். பசுமண் கலத்தில் நீர் நிற்காது என்று குறள் 660 சொல்லும் அதே தொல்லைக்கு அவர் கண்ட விடை அது. கலமும் கூரையும் ஒரே தீயில் வெந்தன. கலையா, கட்டடமா, கைத்தொழிலா என்று கேட்டால் என் விடை: வனைந்தார்.

'வனத்தல்' என்ற வினை வழக்கில் இல்லையே, அடிச்சொல்லை நீயே வனைந்துகொண்டாயா என்று நண்பர் ஒருவர் கேலி செய்கிறார். வனமுலையும் வனப்பும் பிள்ளைகளாக நிற்கும்போது தாய் இல்லை என்பது எப்படி? வனத்தல் இருந்தது என்பது என் துணிபு. அது மண்ணில் கை வைத்தவன் வாயில்தான் முதலில் இருந்தது என்பதும் என் துணிபு.