மீன் முள்ளின் மேல் ஒரு சத்தியம்

இன்னைக்கு ஒரு குட்டித் தீவுக்குப் போறோம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல கடல்ல இருக்கிற ஐல் ஆஃப் மேன். அங்க நீதிபதிக்குப் பேரு டீம்ஸ்டர். பழைய காலத்துல வடக்குக்கு ஒருத்தர், தெற்குக்கு ஒருத்தர்.

பதவியேற்கும்போது அவங்க எடுக்கிற சத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேண்டியவன், வேண்டாதவன், சொந்தம், லாபம் எதையும் பார்க்காம, ஹெர்ரிங் மீனோட நடுமுள்ளு எப்படி ரெண்டு பக்கத்துக்கும் சரிநடுவுல இருக்கோ, அப்படித் தீர்ப்புச் சொல்லுவேன்னு சத்தியம். ஹெர்ரிங் நம்ம மத்திக்குச் சொந்தக்கார மீன். அந்தக் காலத்துல தீவு மக்களோட அன்றாடச் சாப்பாடே அதுதான். தராசைவிட அந்த முள்ளு அவங்களுக்கு நல்லாப் புரியும்!

அந்தக் காலத்துல சம்மன் அனுப்புறதும் எளிமைதான். ஒரு சிலேட்டுக்கல் துண்டுல டீம்ஸ்டர் தன் பேரோட முதல் எழுத்துகளைக் கீறிக் கொடுப்பார். அதைக் காட்டினா எதிராளி வந்தாகணும்.

சரி, எந்தச் சட்டப்படி தீர்ப்பு? பெரும்பகுதி எழுதியே வைக்கல. டீம்ஸ்டர்களோட நெஞ்சுல இருந்தது. அதனால 'நெஞ்சுச் சட்டம்'னே பேரு. டாக்குமெண்டேஷன் இல்லாத பழைய கோடு மாதிரி. சீனியர் ஒருத்தர் தலையில மட்டும் எல்லாம் இருக்கும். 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீவை ஆண்ட ஸ்டான்லி குடும்பம்தான் அதையெல்லாம் கேட்டு எழுத வைக்க ஆரம்பிச்சது.

நெஞ்சுல இருக்கிற சட்டத்தை மிரட்டி வளைக்க முடியுமா? இல்லியம் தோன் வழக்கைப் பாருங்க. 1651ல் கிளர்ச்சி செஞ்சு, தீவை இங்கிலாந்துப் பார்லிமெண்ட் படைகிட்ட ஒப்படைக்கக் காரணமா இருந்தவர். மன்னராட்சி திரும்பினதும் ஸ்டான்லி வம்சத்து டெர்பி பிரபு அவரைப் பிடிச்சார். நீதிமன்றத்துல அவர் பதில் சொல்லவே மறுத்துட்டார். அப்படி மறுக்கிறவனோட உயிரும் உடைமையும் பிரபுவின் இஷ்டம்னு டீம்ஸ்டர்கள் சொன்னாங்க. இதுக்கு நடுவுல, பிரபு தனக்கு ஒத்துவராத கீஸ் சபை உறுப்பினர்கள் சிலரை நீக்கி வேற ஆட்களைப் போட்டிருந்தார். 1663 ஜனவரி 2ல், ஹாங்கோ ஹில்லில் இல்லியம் தோனைச் சுட்டுக் கொன்னாங்க.

லண்டனுக்கு அவர் அனுப்பின மனுவுக்குப் பலன் கிடைக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மன்னரோட பொதுமன்னிப்புச் சட்டம் மேன் தீவுக்கும் பொருந்தும்னு பிரிவி கவுன்சில் பிற்பாடு முடிவு செஞ்சது. தீர்ப்புச் சொன்ன டீம்ஸ்டர்கள் ஜெயிலுக்குப் போனாங்க. என் கணக்குல இது ரொம்ப லேட்டா வந்த பேட்ச். அதோட, முள்ளை நகர்த்தின பிரபு தப்பிச்சு, முள்ளா இருந்தவங்க மாட்டினது எனக்கு இன்னும் உறுத்துது.

இப்பவும் அந்தத் தீவோட உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு டீம்ஸ்டர்னுதான் பேரு. பதவியேற்கும்போது அதே ஹெர்ரிங் சத்தியம்தான்.