யார் நினைவாக?

ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஓசூர் ரோடு தெரியும். முன்பு அதற்கு என்.எச்.7 என்று பெயர், இப்போது என்.எச்.44. நம்பர் மாறினாலும் ரோடு அதேதான். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் தாண்டி நேராக எங்கள் நாமக்கல் பக்கம் போய்விடும். பொட்டி தட்டிவிட்டு வந்து ராத்திரி மாடியில் நின்றால் டி.என்.28 போட்ட லாரி ஏதாவது ஒன்று கண்ணில் படும். ஊர் ஞாபகம் வர அது போதும்.

என் சித்தப்பா இந்த ரோட்டில்தான் லாரி ஓட்டினார். 1998ல் இறந்துபோனார். கேட்டவர்களுக்கெல்லாம் 'டி.பி.' என்று சொன்னோம். அது பொய் இல்லை. கடைசியில் அவரைக் கொண்டுபோனது டி.பி.தான். ஆனால் அந்த டி.பி. ஏன் வந்தது, ஏன் மருந்துக்கு அடங்கவில்லை என்பதை வீட்டில் நாலு பேர் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் சித்தி இங்கே வந்திருந்தபோது சித்தப்பாவின் நினைவு நாள் வந்தது. எச்.ஐ.வி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றார். போனோம். ரசீதில் 'யார் நினைவாக' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். 'ஒரு நலம் விரும்பி' என்று எழுதிவிடலாமா?

"ஏன் கண்ணு முழிக்கற? அவரு பேரைப் போடு. இனிசியலோட போடு" என்றார் சித்தி.

(சித்தியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆட்கள் பெயர் மட்டும் இருக்காது.)

பெயர் போடுவதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிட 'உபயம்' பெரிதாக இருக்கும். ஃபேன் றெக்கை, ஸ்டீல் பீரோ, பஸ் ஸ்டாப் பெஞ்சு எதையும் விடமாட்டோம் :-) சிரிக்கிறோமே தவிர, இதற்குப் பின்னால் ஆயிரம் வருஷப் பழக்கம் இருக்கிறது. சோழ அரசி செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் இறந்த பிறகு, கோனேரிராஜபுரத்தில் அவர் பெயரால் கற்கோயில் எடுத்தார். கண்டராதித்தர் லிங்கத்தைக் கும்பிடுவதுபோல் சிற்பமும், கீழே விவரம் சொல்லும் கல்வெட்டும் இன்றும் அங்கே இருக்கின்றன. ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காக மேல்பாடியில் எடுத்ததும் அப்படி ஒரு நினைவுக் கோயில்தான்.

ராஜா வீட்டு சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. சாதாரண ஆட்களுக்கு நடுகல் இருந்தது. நான் ஊருக்குப் போகும் வழியில் வரும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகல்லுக்குப் பேர் போனவை. இங்கே பக்கத்தில் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் ஒரு கன்னட நடுகல் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. 'பெங்களூர்' என்ற பெயர் எழுத்தில் வரும் பழைய சான்று அதுதான். அதுவும் அந்த ஊர்ச் சண்டையில் செத்தவனைப் பற்றிய கல்.

நடுகல்லில் எனக்குப் பிடித்த விஷயம், ஆள் எப்படிச் செத்தான் என்பதை அது மறைக்காது. மாடு மீட்கப் போய்ச் செத்தான், புலியோடு மோதிச் செத்தான் என்று இருக்கும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் கோவிவன் என்ற நாயின் பெயர்கூட வெட்டியிருக்கிறது. எஜமானனோடு நின்ற நாய். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை என் சித்தப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஆனால் இந்த நோயில் பெயரை மறைத்தது நாம் மட்டும் இல்லை. லண்டனில் 1982 ஜூலை 4ல் டெர்ரி ஹிக்கின்ஸ் என்பவர் இறந்தார். வயசு 37. பிரிட்டனில் எய்ட்ஸால் இறந்த முதல் சிலரில் ஒருவர். அவருடைய துணைவரும் நண்பர்களும் அவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் கிளீவ் ஜோன்ஸ் 1985ல் ஒரு மெழுகுவத்தி ஊர்வலத்தில், இறந்தவர்களின் பெயர்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. ஒவ்வொருவருக்கும் மூன்றடிக்கு ஆறடித் துணி, அதாவது ஒரு குழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துணிகள். இன்று சுமார் 50,000. அதில் ஒரு துணியில் பெயரே இல்லை. சகோதரனுக்காகச் செய்தது, பெயரை வெளியில் சொல்ல அப்பா அம்மாவுக்கு விருப்பமில்லை என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த அப்பா அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலும் இருந்தார்கள்.

இந்தியாவில் கதை நம்ம சென்னையில் தொடங்குகிறது. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் வைரஸ் இருந்தது. நாட்டில் முதல் கண்டுபிடிப்பு. 1993ல் சுனிதி தொடங்கிய மையம் ஒய்.ஆர்.ஜி. கேர். அந்த 'ஜி' கெய்ட்டோண்டே, அவர் பிறந்த வீட்டுப் பெயர். எய்ட்ஸ் என்றால் குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்று ஊரே ஒளிந்த காலத்தில், தன் குடும்பப் பெயரை எய்ட்ஸ் மையத்தின் வாசலில் மாட்டினார். 2015ல் காலமானார். 1998ல், அதாவது சித்தப்பா போன அதே வருஷம், நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். அவர் கணவரும் லாரி ஓட்டியவர். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். டி.வி.யில் அவரைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் சேனலை மாற்றினார்கள்.

கூட்டு மருந்து சிகிச்சை 1996லேயே வந்துவிட்டது. ஆனால் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2001ல் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறோம் என்று அறிவித்தது. 2004 ஏப்ரல் 1ல் அரசு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். 1928ல் டாக்டர் சவுரி முத்து டி.பி.க்காக ஆரம்பித்த அதே இடம். ஆறு வருஷம் பிந்திவிட்டது. சித்தப்பாவை ஒரு ஆஸ்பத்திரியில் வராந்தாவில் போட்டிருந்தார்கள். செத்த பிறகு குளிப்பாட்ட யாரும் வரவில்லை. சித்தி ஒற்றை ஆளாகக் குளிப்பாட்டினார்.

சித்திக்கும் அது இருக்கிறது. முதலில் தாம்பரம் போய் மாத்திரை வாங்கினார், பிறகு ஊர்ப்பக்கத்திலேயே கிடைத்தது. இருபது வருஷம் தாண்டிவிட்டது. பேரன் பேத்தி பார்த்தாகிவிட்டது.

மாத்திரைதான் இலவசமாயிற்றே, இல்லத்துக்கு எதற்குப் பணம் என்று நானும் கேட்டேன். சாப்பாடு, பஸ் காசு, பள்ளிக்கூடம், பெரிய பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் என்று அங்கிருந்தவர் சொன்னார். வெறும் வயிற்றில் பிள்ளைகள் மாத்திரையைத் தள்ளிவிடுமாம்.

பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியில் சொல்லக்கூடாது என்கிறது. அது சரிதான். தங்கச்சியின் மாமியார் வீட்டுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவளுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்பா பேரு போடட்டும்ணா. அட்ரஸ் மட்டும் உங்களோடது குடுங்க."

அப்படியே எழுதினேன். இனிஷியலோடு சித்தப்பா பெயர், கீழே ஹெப்பகோடி விலாசம். சித்தி ரசீதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நாலாக மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.