நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்: சீர்திருத்த வரலாறு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லின்சம், சுவா பெத்தோங், லாபு முதலாம் பிரிவு, லாபு நான்காம் பிரிவு எனப் பலவற்றின் பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி எழுந்த பிறகும் பெயர் மாறவில்லை. இப்பள்ளிகளின் சீர்திருத்தத்தைப் பயிற்றுமொழிப் போராட்டமாக எழுதுவதே வழக்கம். பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதே அவற்றின் தலைவிதியை அதைவிட அதிகமாகத் தீர்மானித்தது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். கல்விச் சட்டம் அல்ல, தொழிலாளர் சட்டம். இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. ஆயாக்கொட்டகை, மருந்தகம், லயம் ஆகியவற்றின் வரிசையில் பள்ளியும் தோட்டத் துரை செய்துகொடுக்க வேண்டிய வசதியானது. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடக்கும். ஆசிரியர் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான். விடியுமுன் பெற்றோர் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்விட, மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும், அல்லது மரத்தடியில் கட்டிப்பால் பொறுக்கும். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் 1837இலேயே மாசசூசெட்ஸ் கல்வி வாரியச் செயலாளரான ஹொரேஸ் மேன், வரிப்பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளிக்காக வாதாடத் தொடங்கினார். பின்னர் அங்கே எழுந்த வழக்குகளும் இயக்கங்களும் அந்தப் பொதுச் சொத்தில் பங்கு கேட்டவை. தோட்டத்திலோ பங்கு கேட்கப் பொதுச் சொத்தே இல்லை.

1951இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கிலத் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1956இன் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளியைத் தேசிய அமைப்புக்குள் ஏற்றது. 1961 கல்விச் சட்டமோ அதை மலாய்ப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. இந்த விவாதங்கள் நடந்தபோதே தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. அமைச்சரின் அந்த அதிகாரத்தைவிடத் தோட்டங்கள் கைமாறியதும் மக்கள் வெளியேறியதுமே இந்தச் சரிவுக்குப் பெரிய காரணம்.

மொழியை இப்படி ஒதுக்கிவிடலாமா என்று கேட்கலாம். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு மலாய் வழி இடைநிலைப்பள்ளியும், அதற்குமுன் ஓராண்டு புகுமுக வகுப்பும் காத்திருந்தன. பலர் அங்கேயே நின்றுபோனார்கள். மறுக்க முடியாத இழப்புதான். ஆனால் அந்தத் தடை சிரம்பான் பட்டணத்துப் பிள்ளைக்கும் பொதுவானது. தோட்டப் பிள்ளைக்கு மட்டும் உரிய தடை வேறு. பகுதி உதவி பெற்ற பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிலம் நிறுவனத்துடையது. ஒரு வகுப்பறை கூடுதலாகக் கட்டவும் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். முதலாளி கட்டியிராவிட்டால் பள்ளியே இருந்திருக்காது என்பாரும் உண்டு. தொடக்கத்துக்கு அது பொருந்தும். விடுதலைக்குப் பின்னும் அரசு அந்த ஏற்பாட்டிலேயே நின்றதற்கு அது விளக்கமாகாது.

பள்ளி உரிமத்தை ஆள் குறைந்த தோட்டத்திலிருந்து வீடமைப்புப் பகுதிக்கு மாற்றுவதே அண்மைக்காலத்தில் பலன் தந்த சீர்திருத்தம். அதற்கும் முதலில் நிலம் வேண்டும். கிடைக்காத இடங்களில், மாணவர் 150க்குக் கீழே போய்க் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற கணக்கில் சேர்ந்துவிட்ட தோட்டப்பள்ளிக்கு, தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதியிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள்.